இரண்டு பலகையை ஒட்டினால் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மேசைப் பலகைக்காக 3 அடி நீளம், 7 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் இரண்டு தேக்குப் பலகை வாங்கியிருக்கிறார். பக்கவாட்டில் சேர்த்து ஒட்ட வேண்டும். கையில் 14 அங்குல இரும்பு இழைப்புளி இருக்கிறது. எவ்வளவு கவனமாக இழைத்தாலும் ஓரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறதாம். அதைச் சரிசெய்யப் போனால் பலகையின் அகலம் குறைவதுதான் மிச்சம். “மிஷின் வாங்கும் எண்ணம் இல்லை. வீட்டிலேயே ஏதாவது ஜிக் செய்துகொள்ளலாமா?” என்பது அவருடைய கேள்வி. ஜிக் என்றால், கருவி கோணாமல் ஓடுவதற்காக நாமே செய்துகொள்ளும் வழிகாட்டி அமைப்பு.

தாராளமாகச் செய்துகொள்ளலாம். பிளைவுட் கடையில் மூலையில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளே போதும், ஒரு மத்தியான வேலை.

முதலில் ஓரம் ஏன் சாய்கிறது என்று பார்ப்போம். உங்கள் இழைப்புளியின் அடிப்பாகம் ஏறக்குறைய இரண்டரை அங்குல அகலம். அதை முக்கால் அங்குல ஓரத்தின் மேல் நிறுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல் 3 அடி தூரம் தள்ள வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய கை அதைச் செய்துவிடும். நமக்கு வேறு வழி இருக்கிறது: இழைப்புளியை அதன் விலாப்பக்கம் படுக்க வைத்துவிடுங்கள், பலகையையும் படுக்க வையுங்கள். சாய்வதற்கு இடமே இருக்காது. இதற்கான ஜிக்கை ஆங்கிலத்தில் ஷூட்டிங் போர்டு என்பார்கள். பார்க்க ஒற்றைப் படிக்கட்டு மாதிரி இருப்பதால் நான் படிப்பலகை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

அடிப்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட், 4 அடி நீளம், 13 அங்குல அகலம். அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட், அதே நீளம், 9 அங்குல அகலம். இரண்டையும் இடது ஓரம் ஒன்றாக வரும்படி ஒட்டினால் வலது பக்கம் 4 அங்குலத்துக்கு ஒரு தடம் கிடைக்கும். இழைப்புளி அந்தத் தடத்தில் படுத்தபடி ஓடும். உங்கள் தேக்குப் பலகை மேல்படியில் உட்காரும். தூர முனையில் ஒரு ரீப்பர் துண்டைக் குறுக்காக அடித்துவிட்டால், தள்ளும்போது பலகை நகராமல் அதில் முட்டி நிற்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் தடத்தை இடது பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெவிகால் தடவி, கீழிருந்து ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூ எதுவும் படியின் ஓரத்துக்கு 2 அங்குலத்துக்குள் வரக் கூடாது. என் முதல் ஜிக்கில் நான் மேலிருந்து, அதுவும் ஓரத்தை ஒட்டி ஸ்க்ரூ போட்டேன். ஐந்தாவது இழைப்பிலேயே ‘டக்’ என்று ஒரு சத்தம். பிளேடில் அரிசி அளவுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது. அதைச் சாணை பிடித்துச் சரிசெய்வதிலேயே அன்றைய பொழுது போனது.

இந்த ஜிக்கில் நீங்கள் உயிரைக் கொடுத்துப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றைத்தான்: மேல்படியின் வலது ஓரம் நேர்கோடாக இருக்கிறதா? அந்த ஓரம் எப்படியோ, உங்கள் ஜாயின்ட்டும் அப்படியே. எட்டுக்கு நாலு ஷீட்டின் மிஷின் வெட்டு ஓரம் உள்ள துண்டைக் கடையில் கேட்டு வாங்கி, அந்த ஓரம் தடத்தைப் பார்க்கும்படி வையுங்கள். ஆனால் மிஷின் வெட்டு என்பதற்காக அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒட்டுவதற்கு முன்பே அந்த ஓரத்தை வைத்து ஒரு பெரிய அட்டையில் கூரான பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு துண்டை மறுபக்கமாகக் கவிழ்த்து, அதே ஓரத்தை அதே கோட்டின் இரு முனைகளிலும் பொருத்தி மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றாகவே விழுந்தால் ஓரம் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், உண்மையான கோணல் அதில் பாதி. முடி அளவு என்றால் விட்டுவிடலாம். 1 மி.மீ. தெரிந்தால் வேறு துண்டு பாருங்கள்.

“இழைப்புளி ஜிக்கின் ஓரத்தையும் சேர்த்துச் சீவிவிடாதா?” என்று கேட்பீர்கள். கொஞ்சம் சீவும், அவ்வளவுதான். பிளேடு 2 அங்குலம், அடிப்பாகம் இரண்டரை. அதனால் பிளேடின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 6 மி.மீ. வெட்டாத இரும்பு இருக்கும். படுக்க வைத்து ஓட்டும்போது மேல்படி ஓரத்தின் அடிப்பாதியில் இந்த 6 மி.மீ. உரசிக்கொண்டு போகும். மேல் பாதியை மட்டும் பிளேடு முதல் சில இழைப்புகளில் லேசாகச் சீவிவிட்டு நின்றுவிடும். அதன் பிறகு அந்த அடிப்பாதிதான் உங்கள் தண்டவாளம். பலகையை மேல்படிக்கு வெளியே அரை மி.மீ., அதிகம் போனால் 1 மி.மீ. நீட்டி வைத்து இழைத்துக்கொண்டே போனால், ஓரம் நேரானதும் பிளேடு தானாகவே வெட்டுவதை நிறுத்திவிடும். சீவல் வருவது நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும். மேல்படியில் பலகை நழுவாமல் இருக்க உப்புத்தாள் ஒட்டுவார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஓரத்திலிருந்து 3 அங்குலம் தள்ளியே ஒட்டுங்கள். உதிரும் மணல் பிளேடுக்கு ஆகாது. ஜி கிளாம்ப் இரண்டு இருந்தால் இடது ஓரத்தில் இறுக்கிவிடலாம், உப்புத்தாளே வேண்டாம்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் இதில் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜிக் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஓரம் சரியாக 90 டிகிரி வரும் என்று சொல்ல முடியாது. இழைப்புளியின் விலா அடிப்பாகத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் இருக்கலாம், பிளேடு ஒரு பக்கம் கோணியிருக்கலாம். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பிளேடைத் திருத்தி, மறுபடி பார்த்து என்று நாள் முழுக்க மல்லுக்கட்டலாம். தேவையே இல்லை. இரண்டு பலகையையும் மேசையில் எப்படி வரவேண்டுமோ அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சேரும் இடத்தின் மேல் சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரையுங்கள். ஒரு பலகையை முக்கோணம் மேலே தெரியும்படி வைத்து இழையுங்கள், மற்றதைப் புத்தகம் மூடுகிற மாதிரி கவிழ்த்து, முக்கோணம் கீழே இருக்கும்படி வைத்து இழையுங்கள். ஒன்று 89 டிகிரி வந்தால் மற்றது 91 ஆக நிற்கும். சேர்த்தால் 180, பலகை தட்டையாக உட்காரும்.

இதில் ஒரு சிக்கல் மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் திசை. இப்படிக் கவிழ்க்கும்போது இரண்டு பலகையிலும் இழைப்புளி மேசையின் ஒரே திசையில்தான் போகிறது. ஆகவே முக்கோணம் வரையும் முன்பே இரண்டின் ரேகையும் ஒரே பக்கம் ஏறுகிற மாதிரி பலகைகளை அடுக்கிக்கொள்ளுங்கள். இழைக்கும்போது சிம்பு பிய்த்துக்கொண்டு வந்தால் எதிர் ரேகையில் போகிறீர்கள். அப்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மேலே பார்த்ததைக் கீழே, கீழே பார்த்ததை மேலே என்று இரண்டையும் மாற்றிப் போடுங்கள். திசை திரும்பிவிடும், கோணக் கணக்கும் கெடாது.

சரி, முடிந்ததா என்று பார்ப்பது எப்படி? ஒரு பலகையை ஓரம் மேலே வருமாறு நிறுத்தி, அதன் மேல் மற்றதை வைத்து, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு மேல் பலகையின் ஒரு முனையை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளுங்கள். நடுவில் அச்சு வைத்த மாதிரி சுழன்றால் நடுவில் மேடு இருக்கிறது. மறுமுனை பிடித்துக்கொண்டு தயங்கித் திரும்பினால் நல்லது. மேடு இருந்தால் நடுவில் ஒரு அடி தூரத்துக்கு மட்டும் மெல்லிய சீவல் இரண்டு எடுங்கள்.

தேக்கு என்பதால் இரண்டு வார்த்தை. தேக்கில் சிலிக்கா உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். ஜிக்கில் பிளேடின் ஒரே இடம்தான் திரும்பத் திரும்ப வெட்டுகிறது என்பதால் இன்னும் சீக்கிரம். பலகைக்கு அடியில் 6 மி.மீ. பிளைவுட் ஒன்றைச் செருகினால் பலகை உயர்ந்து, பிளேடின் புது இடமும் கொஞ்சம் வேலைக்கு வரும். அப்படியும் சீவல் பொடிப்பொடியாக விழ ஆரம்பித்தால் சாணைக்குப் போகவேண்டியதுதான். தேக்கில் எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. இழைத்த அன்றே ஒட்டிவிடுங்கள், ஒட்டுவதற்கு முன் ஓரத்தை அசிட்டோன் நனைத்த துணியால் ஒரு தரம் துடைத்துக் காயவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

இரும்பு இழைப்புளிக்குப் பதில் வீட்டில் இருக்கும் பழைய மர இழைப்புளியை இதில் ஓட்டலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஓட்டலாம், விலாப்பக்கம் தட்டையாக இருந்தால். தாத்தா காலத்து இழைப்புளிகளில் கை பிடித்துப் பிடித்தே அந்தப் பக்கம் உருண்டு போயிருக்கும். தடத்தில் படுக்க வைத்துப் பாருங்கள், தொட்டில் மாதிரி ஆடினால் அதை விட்டுவிடுங்கள்.