ஸ்டாக் கார் பந்தயமும் கல்லூரி விளையாட்டும்: இருக்கையிலிருந்து படமெடுப்போருக்கான கேள்வி பதில்

வட கரோலினாவிலும் அதை ஒட்டிய மாநிலங்களிலும் நடக்கும் நாஸ்கார் அமைப்பின் ஸ்டாக் கார் (சாலைக் கார்களின் தோற்றத்தில் அமைந்த பந்தயக் கார்) பந்தயங்களையும் கல்லூரி விளையாட்டுகளையும் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்து, இருக்கையில் இருந்தபடியே படமெடுத்து வரும் ரசிகன் நான். செய்தியாளர் அட்டை என்னிடம் இல்லை. எனவே ஓரக்கோட்டில் நின்று படமெடுப்பது பற்றிய கேள்விகளை அட்டை வைத்திருப்பவர்களிடம் கேட்பதே முறை. மற்றக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, மணிக்கணக்காக இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் கார்களில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அலுவலக நண்பர்கள் அழைக்கிறார்கள். போகலாமா?

பதில்: போங்கள். ஓவல் தடங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. டேடோனா 2.5 மைல் நீளமும் வளைவுகளில் 31 பாகைச் சாய்வும் கொண்டது. மார்ட்டின்ஸ்வில் 0.526 மைல்தான், வளைவுச் சாய்வும் 12 பாகைதான். 1950இல் திறக்கப்பட்ட டார்லிங்டன் தடத்துக்கு நிலம் தந்தவர் தம்முடைய மீன்குளத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், அதன் ஒரு முனை குறுகியும் மறுமுனை அகன்றும் முட்டை வடிவில் அமைந்தது. இன்றுவரை அங்கே ஒரு முனைக்கு ஏற்றபடி காரைச் சரிசெய்தால் மறுமுனையில் அது பிடிமானம் இழக்கிறது.

முதலில் செல்லும் காரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அலுப்புத்தான் மிஞ்சும். நடுவரிசையில் ஏதாவது ஒரு காரைத் தேர்ந்தெடுத்து, தடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கேனரில் அந்த ஓட்டுநரும் குழுவும் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். டயர் தேய்ந்துவிட்டது என்று ஓட்டுநர் புலம்புவதும், எரிபொருளை மிச்சப்படுத்து என்று குழுத்தலைவர் அதட்டுவதும் காதில் விழத் தொடங்கிவிட்டால், அடுத்த பத்துச் சுற்றுகளில் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். கேமராவை எங்கே திருப்ப வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும். ஸ்கேனரின் தடித்த ஹெட்போன் வெளியொலியையும் தடுக்கும். அது இல்லாதவர்கள் இயர் பிளக் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது.

கேள்வி: கார் பந்தயம், கல்லூரி விளையாட்டு இரண்டையும் படமெடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

பதில்: உங்களிடம் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். பகல் பந்தயத்துக்கு 70–300 மில்லிமீட்டர் அளவில் உள்ள சாதாரண ஜூம் லென்ஸ் போதும். கல்லூரியின் உள்ளரங்குக் கூடைப்பந்துக்கு அது போதாது. அங்கே எஃப் 2.8 அல்லது அதைவிடப் பெரிய திறப்புள்ள லென்ஸ் தேவைப்படும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வையும் 3200க்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: ஸ்டாக் கார், கல்லூரி விளையாட்டு இரண்டையும் ஒரே ஊரில் பார்த்துப் பழக வழி உண்டா?

பதில்: ஒரே ஊரில் மட்டுமல்ல, ஒரே மைதானத்திலேயே உண்டு. வின்ஸ்டன்-சேலம் நகரில் உள்ள பௌமன் கிரே அரங்கத்தில், அமெரிக்கக் கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் நீளத்துக்குச் சாய்வே இல்லாத தார்த்தடம் ஓடுகிறது. கோடைச் சனிக்கிழமை இரவுகளில் அங்கே கார்கள் முட்டி மோதும். இலையுதிர் காலத்தில் அதே திடல் வின்ஸ்டன்-சேலம் அரசுப் பல்கலைக்கழகத்தின் ராம்ஸ் அணிக்குச் சொந்த மைதானமாகிவிடும். நாஸ்கார் 1948இல் அமைப்பாக உருவான மறு ஆண்டிலிருந்தே இங்கே வாராந்தரப் பந்தயங்கள் நடந்து வருகின்றன. ரிச்சர்ட் பெட்டி வென்ற 200 பந்தயங்களில் நூறாவது, 1969இல் இங்கே வென்றதுதான். 1971க்குப் பிறகு உயர்நிலையான கப் பிரிவுக் கார்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2025 பிப்ரவரியில்தான் பருவத் தொடக்கக் காட்சிப் பந்தயத்துக்காக அவை மீண்டும் வந்தன.

படமெடுப்பவர்களுக்கு இந்த இடம் நல்ல பள்ளிக்கூடம். தடம் சிறியது என்பதால் எந்த வரிசையில் அமர்ந்தாலும் கார்கள் அருகில்தான் இருக்கும், நீண்ட லென்ஸ் தேவைப்படாது. சுற்று ஒன்று பதினைந்து நொடிக்குள் முடிந்துவிடுவதால், ஒரே கோணத்தை ஒரே இரவில் நூற்றுக்கணக்கான முறை முயன்று பார்க்கலாம். ஷட்டரை நொடியில் 250இல் ஒரு பங்கில் தொடங்குங்கள். காரோடு சேர்ந்து உடலை இடுப்பிலிருந்து திருப்பிக்கொண்டே படமெடுத்து, 125, பிறகு 60 என்று படிப்படியாக இறக்குங்கள். காரின் முகம் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் சக்கரங்கள் சுழல்வதாகவும் பதிவானால் பேனிங் கைவந்துவிட்டது என்று பொருள். கால்பந்துக் காலம் வந்ததும் அதே இருக்கையில் அமர்ந்து, ஷட்டரை 1000இல் ஒரு பங்குக்கு உயர்த்தி, அசைவை உறையவைக்கும் எதிர்வகைப் பயிற்சியைச் செய்யலாம்.

வேகமான ஷட்டர் எப்போதும் நல்லது என்று எண்ணுபவர்களுக்காக ஒரு கணக்கு. டேடோனாவில் மணிக்கு 190 மைல் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் கடக்கிறது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அது எட்டரை சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். காரோடு கேமராவும் திரும்பும்போது அந்த நகர்வும் தெரியாமல் போய், வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பதைப் போலப் படம் அமையும். அதற்கு டேடோனா வரை போக வேண்டியதில்லை.

கேள்வி: பார்வையாளர் வரிசைக்கு முன்னால் உள்ள கம்பி வேலி எல்லாப் படத்திலும் விழுகிறது. என்ன செய்வது?

பதில்: மேல் வரிசையில் சீட்டு வாங்குங்கள், வேலி பார்வைக்குக் கீழே போய்விடும். கீழ் வரிசையில்தான் கிடைத்தது என்றால் லென்ஸின் திறப்பை முழுவதும் திறந்து, நீண்ட குவியத்தில், தொலைவில் உள்ள காரைக் குறிவையுங்கள். கம்பிகள் மங்கிக் கரைந்துவிடும். கல்லூரி சாஃப்ட்பால் திடலின் வேலிக்கும் இதே வழிதான், அங்கே வேலியை ஒட்டியே நிற்கவும் முடியும். பந்தயத் தடத்தின் கீழ் வரிசைகளில் டயரின் ரப்பர்த் துகள்கள் வந்து விழும் என்பதால், பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போது லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள்.

கேள்வி: வரவுசெலவு குறைவு. எந்த கேமரா வாங்கலாம், ஐயா?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: பெரிய பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டத்துக்கு நீண்ட லென்ஸோடு போனேன், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பந்தயத் தடத்தில் யாரும் தடுக்கவில்லையே?

பதில்: இரண்டுக்கும் வழக்கம் வேறு. பந்தயத் தடங்கள் பொதுவாக ரசிகரின் கேமராவைப் பொருட்படுத்துவதில்லை. பெரிய கல்லூரி அரங்கங்களோ லென்ஸின் நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கும், அல்லது லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவையே தடுத்துவிடும். வரம்பு இடத்துக்கு இடம் மாறும். பை விதி தனி: எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குக் கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்பைச் சேர்ந்த கால்பந்து அரங்கங்களில் 2017 முதல், சிறு கைப்பை தவிர மற்றப் பைகள் உள்ளே தெரியும்படியானவையாக இருக்க வேண்டும். நண்பர் சொன்னார், சென்ற ஆண்டு விட்டார்கள் என்பதையெல்லாம் நம்பாமல், புறப்படும் நாளன்று அந்த அரங்கத்தின் விதிப் பக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

நீண்ட லென்ஸை வைத்துக்கொண்டு ஏங்குபவர்களுக்கு என் பரிந்துரை சிறு கல்லூரிகள்தான். இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் சாக்கர், தடகளம், சாஃப்ட்பால் போட்டிகளில் கெடுபிடி பெரும்பாலும் குறைவு, இருக்கையும் திடலுக்கு அருகில் இருக்கும். தரமும் தாழ்ந்ததென்று எண்ண வேண்டாம்: சிறு கல்லூரிகளுக்கென அன்று இருந்த ‘கல்லூரிப் பிரிவு’க் கூடைப்பந்தில் ஏர்ல் மன்றோ ஆட, 1967இல் என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பட்டம் வென்றது முன்பு சொன்ன அதே வின்ஸ்டன்-சேலம் கல்லூரிதான். கறுப்பினத்தவருக்கான கல்லூரி ஒன்று கூடைப்பந்தில் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

கேள்வி: உள்ளரங்குப் படங்களில் ஒன்று மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வருகிறது. கேமரா பழுதா?

பதில்: பழுதில்லை, விளக்குகள் துடிக்கின்றன. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய அரங்க விளக்குகள் நொடிக்கு 120 முறை கூடிக் குறைகின்றன. வேகமான ஷட்டர் அந்தத் துடிப்பின் ஏதோ ஒரு கணத்தை மட்டும் பிடிக்கிறது. கேமராவில் துடிப்புத் தவிர்ப்பு வசதி இருந்தால் இயக்குங்கள். ஒலியில்லாத மின்னணு ஷட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள். சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அது படத்தில் பட்டைகளை உண்டாக்கும், பந்தயத் தடத்தில் சக்கரங்களைச் சாய்ந்த முட்டைகளாக்கிவிடும்.

கேள்வி: கைப்பேசியில் எடுக்கலாமா?

பதில்: கூட்டத்தையும் இசைக்குழுவையும் அந்தி வானத்தையும் எடுக்கலாம். காரை எடுக்க முடியாது.

கேள்வி: 2022இல் மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சேஸ்டெயின் சுவரில் உரசியபடியே முந்திச் சென்றது விளையாட்டா, வித்தையா?

பதில்: விளையாட்டு என்பேன். அக்டோபர் 30 அன்று கடைசிச் சுற்றில் அவர் பத்தாவது இடத்தில் இருந்தார். டென்னி ஹாம்லினை விலக்கி, பருவப் பட்டத்துக்காக மோதும் இறுதி நால்வருள் ஒருவராக அவர் இரண்டு இடங்கள் முன்னேற வேண்டும். சிறுவயதில் வீடியோ விளையாட்டில் செய்து பார்த்ததை நினைவில் கொண்டு, ஐந்தாம் கியருக்கு மாற்றி, கடைசி இரண்டு வளைவுகளிலும் காரைச் சுவரோடு சாய்த்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினார். ஐந்து கார்களைக் கடந்து கோட்டைத் தொட்டார். அந்தச் சுற்றுக்கு ஆன நேரம் 18.845 நொடி. அந்தத் தடத்தில் எந்த ஸ்டாக் காரும் அவ்வளவு வேகமாக ஒரு சுற்றை முடித்ததில்லை. அதே ஆண்டு அறிமுகமான புதிய தலைமுறைக் காரின் உறுதியான உடலும் சஸ்பென்ஷனும் அதைத் தாங்கின. அன்று வென்றவர் கிறிஸ்டஃபர் பெல். வெற்றிக் கோட்டில் அவருக்காக மட்டும் லென்ஸை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி கிடைத்திருக்காது; புள்ளிக் கணக்கை மனத்தில் வைத்து, பத்தாவது காரைத் தொடர்ந்தவர்களுக்கே கிடைத்திருக்கும்.

மறுப்பு (மற்றொரு வாசகர்): விதியில் தடை இல்லை என்பதற்காக நியாயமாகிவிடுமா? சுவருக்கு அப்பால் மக்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

பதில்: பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலையை முழுவதும் ஏற்கிறேன். 1987இல் டல்லடேகாவில் பாபி அல்லிசனின் கார் மேலெழும்பி வேலியைக் கிழித்த பிறகுதான், 1988 முதல் டேடோனாவிலும் டல்லடேகாவிலும் இயந்திரத்துக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு கட்டாயமானது. 2001இல் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு கழுத்தைக் காக்கும் சாதனம் கட்டாயமானது, மறு ஆண்டு முதல் அதிர்ச்சி தாங்கும் சுவர்களும் வரத் தொடங்கின. இந்த வரலாறு தெரிந்தவர்கள், அடுத்த பருவத்திலிருந்து இந்த உத்திக்குத் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அறிவித்ததைக் குறை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் தடைசெய்ய வேண்டியது என்பது வேறு, அன்று செய்தது குற்றம் என்பது வேறு. அன்றைய முடிவை நாஸ்காரும் மாற்றவில்லை.

மறுப்பு (மூன்றாமவர்): ஹாம்லினுக்கு அநீதி இல்லையா? பருவம் முழுவதும் உழைத்தவர், ஒரு சுற்றில் வெளியேறினார்.

பதில்: உங்கள் வழக்கு சேஸ்டெயினோடு இல்லை, ஓட்டுநர்களைப் படிப்படியாக விலக்கி நால்வரை மட்டும் பட்டத்துக்கான இறுதிப் பந்தயத்துக்கு அனுப்பிய, 2014 முதல் இருந்த நீக்கல் முறையோடு இருக்கிறது. அந்த முறையைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட பந்தயங்களின் உழைப்பை ஒரே பிற்பகலில் எடைபோடுவது எனக்கு உவப்பில்லை. அதற்குப் பழி சுமக்க வேண்டியவர் சேஸ்டெயின் அல்லர். இந்த விவாதத்துக்கு மேலும் பல மறுப்புகள் வந்துள்ளன. அவற்றில் புதிய வாதம் இல்லாததால் விடுகிறேன்.

கேள்வி: மன்னிக்கவும், எந்த லென்ஸ் வாங்கலாம் என்று சொல்லவில்லையே?

பதில்: சொல்லிவிட்டேன்.

கேள்வி: கல்லூரி வீரர்களின் படங்களை அவர்களுடைய பெற்றோருக்கு விற்கலாமா?

பதில்: நுழைவுச்சீட்டின் நிபந்தனைகள் பெரும்பாலும் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கின்றன. மேலும், 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் வருமானம் ஈட்டலாம். நீங்கள் விற்கும் படத்தில் இருப்பது அவர்களுடைய சொத்து. பெற்றோருக்கு இலவசமாகக் கொடுங்கள், அடுத்த ஆட்டத்துக்கு அவர்களே உங்களை அழைப்பார்கள்.

கேள்வி: ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் படமெடுப்பது பற்றி?

பதில்: என் துறை அன்று.

கேள்வி: கல்லூரியில் விளையாடியவர்கள் நாஸ்காரில், பந்தயத்தின் நடுவே டயர் மாற்றும் பிட் குழுவில் சேர்கிறார்களாமே?

பதில்: ஆம், ரசிகர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஒற்றை நட்டு உள்ள சக்கரங்கள் வந்த பிறகு நான்கு டயர்களையும் மாற்றப் பத்து நொடி அளவுதான் ஆகிறது. அந்த வேகத்துக்கும் வலுவுக்கும் முன்னாள் கல்லூரி விளையாட்டு வீரர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்றுகிறார்கள். நார்ஃபோக் அரசுப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய பிரெஹானா டேனியல்ஸ், 2018 ஜூலையில் டேடோனாவில் கப் பந்தயத்தில் டயர் மாற்றினார். பிட் சாலைக்கு எதிரே உள்ள வரிசையில் சீட்டு வாங்கினால், கூடைப்பந்தில் பழகிய கண்ணைக் கொண்டே இவர்களைப் படமெடுக்கலாம்: சுவரைத் தாண்டிக் குதிக்கும் கணம், பந்தைப் பிடிக்க எழும்பும் கணத்தைப் போன்றதே. நொடியில் 1000இல் ஒரு பங்கு ஷட்டர் இங்கே பொருந்தும்.

கேள்வி: ஆறு வயதுக் குழந்தையை பிரிஸ்டல் பந்தயத் தடத்துக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: போகலாம், குழந்தைக்கென்றே செய்த காதுக்கவசம் இருந்தால். அங்கே சுற்றிலும் உயர்ந்த இருக்கை வரிசைகள் கிண்ணம்போல் எழுவதால் ஒலி வெளியேறாமல் உள்ளேயே சுழலும். 2016இல் அதே தடத்தின் நடுவில் டென்னசிக்கும் வர்ஜீனியா டெக்குக்கும் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் நடத்தி, 1,56,990 பேரை அமர்த்தினார்கள் என்றால் அளவை எண்ணிக்கொள்ளுங்கள். கவசத்தை வாசலுக்கு வெளியிலேயே மாட்டிவிடுங்கள். உள்ளே போன பிறகு மாட்டினால் குழந்தை பிடுங்கி எறிந்துவிடும்.