தீக்கு முன்னால் கங்கு வரும்: வறட்சிக் காலக் கேள்வி-பதில்

மழை தள்ளிப்போனால் எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். அடுப்பு, எரிவாயு, மின்கம்பி பற்றிக் கேட்பவர்கள் புகையையும் புல்தீயையும் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். தீயணைப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள காலித் திடலில் புல் பற்றி எரிந்தது. மழைக்குக் குறைவில்லாத சிங்கப்பூரில் இது எப்படி? மறுபடி நடந்தால் நாங்கள் என்ன செய்வது? (உட்லண்ட்ஸ்)

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர்தான். ஆனால் அந்த மழை மாதத்துக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டு வருவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் பின்பாதியில், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, வானம் வெளுத்துக் காற்று மட்டும் வீசும். 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் ஏறக்குறைய மழையே இல்லை. 1869-இலிருந்து இருக்கும் பதிவுகளில் அந்தப் பிப்ரவரிதான் மிக வறண்ட மாதம். புல் காய்வதற்கு அவ்வளவு நாள்கூட வேண்டாம். இரண்டு வாரம் போதும்.

அதுவும் லாலாங் புல் என்றால் கேட்கவே வேண்டாம். மேலே காய்ந்த தாள், அடியில் போன வருடத்துச் சருகு. எரியும்போது எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிப் படபடவென்று சத்தம் போடும். பக்கத்தில் நின்றால் பேசுவது கேட்காது. ஒருமுறை தீயை அடக்கிவிட்டோம் என்று குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே கறுத்துப்போன தரையில் ஒரு கொத்து மட்டும் அடியில் புகைந்துகொண்டே இருந்திருக்கிறது. காற்று திரும்பியதும் அங்கிருந்து பறந்த பொறி, நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. லாலாங்கின் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால், எரிந்த திடல் சில வாரத்தில் பச்சையாகிவிடும். அடுத்த வறட்சிக்கு மறுபடி காய்ந்து நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 995-ஐ அழையுங்கள். திடலுக்குப் பெயர் இருக்காது, அதனால் பக்கத்து புளோக் எண்ணையும் சாலைப் பெயரையும் சொல்லுங்கள். சன்னலைச் சாத்துங்கள். மூங்கில் கழியில் காயும் துணியை உள்ளே இழுத்துவிடுங்கள்; கங்கு வந்து உட்காரும் முதல் இடம் அதுதான். வாளித் தண்ணீரோடு இறங்கிப் போகாதீர்கள். புல்தீ காற்றோடு சேர்ந்து திரும்பும்போது ஓட நேரம் இருக்காது. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இங்கே தானாகப் பற்றும் புல் அரிது. வீசியெறிந்த சிகரெட் துண்டுக்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது.

பாசிர் ரிஸ் பூங்காவில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு பார்பிக்யூ போடுகிறோம். வறட்சியில் போடலாமா?

அதற்கென்று கட்டிய அடுப்பில் போடலாம். காற்று பலமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஆபத்து சமைக்கும்போது அல்ல, கிளம்பும்போதுதான். மேலே சாம்பல் பூத்த கரி உள்ளே சிவந்தே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சீறல் நின்ற பிறகு கிளம்புங்கள். சூடான கரியைப் புல்லிலோ குப்பைத்தொட்டியிலோ கொட்டாதீர்கள்.

புகைமூட்டம் வந்தால் அம்மாவுக்கு ஆஸ்துமா கூடிவிடுகிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஒன்று சொல்கிறது, பிஎம்2.5 இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது? முகக்கவசம் போட்டுவிட்டால் போதுமா? (ஈசூன்)

இரண்டுமே சரிதான் தங்கச்சி, கேட்கும் கேள்விதான் வேறு. 24 மணி நேரக் குறியீடு நாள் முழுக்க எப்படிப் போனது என்று சொல்லும். நாளைக்கு அம்மாவை வெளியே கூட்டிப்போகலாமா என்று முடிவெடுக்க அதைப் பாருங்கள். 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, அதற்கு மேல் ஆரோக்கியமற்றது, 200-ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்றது, 300-க்கு மேல் அபாயம். இப்போது, இந்த நிமிடம், கீழே சந்தைக்கு இறங்கலாமா என்றால் ஒரு மணி நேர பிஎம்2.5 அளவை, அதாவது காற்றில் உள்ள நுண்துகள் அளவைப் பாருங்கள். அது 55-க்குள் இருந்தால் வழக்கமான நிலை. இரண்டும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி செயலியிலேயே இருக்கின்றன. 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேரக் குறியீடு 401-ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் எண்ணே தேவையில்லை, எதிர் புளோக் தெரியாது. கவனம் வேண்டியது 90-க்கும் 150-க்கும் நடுவில் ஊசலாடும் நாள்களில்தான். நமக்கு ஒன்றும் தெரியாது, அம்மாவின் நெஞ்சு முதலில் சொல்லும்.

வீட்டில் ஓர் அறையை மட்டும் அம்மாவுக்கென்று சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றறை வீட்டையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தால் எதுவும் நடக்காது. சன்னலைச் சாத்தி, கதவு இடுக்கில் ஈரத்துண்டு வையுங்கள். காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கினால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகவும், அந்த அறையின் பரப்புக்குப் போதுமானதாகவும் பார்த்து வாங்குங்கள். சுவரில் மாட்டும் குளிர்சாதனம் பெரும்பாலும் அறைக்காற்றையேதான் சுற்றவிடும், அதைப் போடலாம். சன்னலில் பொருத்திய பழைய வகையாக இருந்தால் வெளிக்காற்றுத் துவாரத்தை மூடிவிடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், கேட்பவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த நாள்களில் சாம்பிராணி வேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம். ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சன்னலெல்லாம் ஒட்டுநாடா போட்டு அடைத்திருந்தார்கள், சுத்திகரிப்பு இயந்திரம் முழுவேகத்தில் ஓடியது, பாட்டிக்கு இருமல் நிற்கவில்லை. பூசை அலமாரியில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமையாயிற்றே என்றார்கள். வெளியிலிருந்து வந்தாலும் உள்ளேயே எழுந்தாலும் நுரையீரலுக்கு அது புகைதான். விளக்கு மட்டும் ஏற்றிக் கும்பிடுங்கள். வறுவல், பொரியலையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

முகக்கவசம் என்றால் என்95. சாதாரண அறுவை முகக்கவசத்தின் ஓரங்களில் நுண்துகள் நுழைந்துவிடும். என்95-உம் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பயன். தாடி இருந்தால் கசியும், பெரியவர் அளவு குழந்தைக்குப் பொருந்தாது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் ஐந்து நிமிடத்துக்கு அது அவசியமில்லை. அம்மாவுக்கு மூச்சு விடுவதே சிரமம் என்பதால் அவர் அணியலாமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஹேலரில் எத்தனை முறைக்கு மருந்து மிச்சம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். புகை வந்த பிறகு பலதுறை மருந்தகத்தில் வரிசை நீளும்.

இந்தோனேசியாவில் மழை பெய்தது என்று செய்தி. பிறகும் ஏன் புகை நிற்கவில்லை?

எரிவது மரம் மட்டுமல்ல, மண்ணே எரிகிறது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலம் பல மீட்டர் ஆழம் இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி மக்காமல் கிடந்த செடிகொடி அது. தோட்டம் போடக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அதுவே எரிபொருள். தீ கீழே இறங்கிச் சுடரில்லாமல் வாரக்கணக்கில் கனலும். ஒரு மழை மேல்பரப்பை நனைத்துவிட்டுப் போய்விடும். நிலத்தடி நீர் மறுபடி ஏறினால்தான் அணையும், அதனால்தான் கால்வாய்களை அடைக்கும் வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மழை தள்ளிப்போகும், தென்மேற்குப் பருவக்காற்று புகையை நம் பக்கம் தள்ளும். 1997, 2015 இரண்டும் அப்படி வந்தவை. 2015 செப்டம்பர் 25 அன்று நம் பள்ளிகளையே மூடினார்கள்.

புதுநீர் இருக்கும்போது வறட்சியில் தண்ணீரைச் சேமிக்க வேண்டுமா? (தெம்பனிஸ்)

வேண்டும். புதுநீரும் (சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் கழிவுநீர்) கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளும் இருப்பதால் 1963-இல் போலப் பங்கீடு வரவில்லை, அவ்வளவுதான். தாழ்வாரச் செடிகளுக்கு அரிசி களைந்த நீரை ஊற்றுங்கள். காய்ந்த இலைகளையும், கூடவே அங்கே அடுக்கிய பழைய அட்டைப்பெட்டிகளையும் அகற்றிவிடுங்கள்.

மகளும் மருமகனும் மெல்பர்ன் பக்கம் டாண்டினாங் மலையடிவாரத்தில் வீடு வாங்கியிருக்கிறார்கள். கோடையில் காட்டுத்தீ என்கிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன சொல்லிவைப்பது? (சிராங்கூன்)

அக்கா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1983 பிப்ரவரியில் அந்த மலைப்பகுதியும் எரிந்தது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் தங்கள் வீட்டிலேயே. அதற்குப் பிறகு அங்கே அழுத்திச் சொல்லும் பாடம் ஒன்றுதான்: முன்கூட்டியே கிளம்பு.

தீச்சுவர் வருவதற்கு வெகு முன்பே கங்கு வரும். யூகலிப்டஸ் பட்டை எரிந்தபடியே காற்றில் பறந்து, சில சமயம் கிலோமீட்டர் கணக்கில் தாண்டி விழும். கூரை ஓரத் தகரத்தில் சேர்ந்த சருகு, வாசல் மிதியடி, சுவரோரம் அடுக்கிய விறகு, இவைதான் அதற்கு வாசல். கோடைக்கு முன்பே இவற்றை அகற்றச் சொல்லுங்கள். சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, சரிவு பத்து டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய இருமடங்கு வேகமெடுக்கும். வீடு சரிவின் மேலே இருந்தால் இதை அவர்கள் மறக்கவே கூடாது.

அங்கே தினமும் அபாய அளவை அறிவிப்பார்கள்: மாடரேட் (மிதம்), ஹை (அதிகம்), எக்ஸ்ட்ரீம் (மிகக் கடுமை), கேட்டஸ்ட்ராஃபிக் (பேரழிவு). கடைசி அளவு என்றால் புகை தெரிகிறதா என்று காத்திருக்கக் கூடாது, காலையிலேயே, முடிந்தால் முந்தின இரவே, நகருக்குள் போய்விட வேண்டும். எந்த அளவில் கிளம்புவது, எந்தச் சாலை, அது அடைபட்டால் எது, யார் வீடு என்பதை இப்போதே தாளில் எழுதி ஒட்டட்டும். அந்த மாநிலத்தின் அவசர எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி செயலி கைப்பேசியில் இருக்கட்டும், அதோடு பேட்டரி வானொலி ஒன்றும். மின்சாரம் முதலில் போய்விடும். காரில் தண்ணீர், கம்பளிப் போர்வை, முழுக்கைப் பருத்திச் சட்டை. நைலான் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும்.

இன்னொன்று, தமிழ் வீடு என்பதால் சொல்கிறேன். பொங்கல் அவர்களுக்கு நடுக்கோடையில் வருகிறது. தீத் தடை அறிவித்த நாளில் பின்முற்றத்தில் விறகு மூட்டக் கூடாது, சட்டப்படி குற்றம். அன்றைக்குப் பானையைச் சமையலறை அடுப்பில் வைக்கட்டும்.

இங்கிருந்து நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அபாய நாளில் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள்; அவர்களுக்கு அந்தக் கைப்பேசி எச்சரிக்கைக்கு வேண்டும். ‘கிளம்பிட்டோம்’, ‘சேர்ந்துட்டோம்’ என்று இரண்டு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பச் சொல்லி, இந்த வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.