'வாழ்நாள்' வகுப்பு எட்டு மாதத்தில் மறைந்தால்...

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். 'வாழ்நாள் முழுவதும் பார்க்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி, 4,500 ரூபாய் கட்டி ஆரி எம்பிராய்டரி வீடியோ வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதத்தில் செயலியிலிருந்து பாடங்கள் மறைந்துவிட்டன. 'பொருள் எதுவும் தரவில்லை, பணம் திரும்பாது' என்கிறார்கள். ஏற்கெனவே தரவிறக்கிய ஐந்து பாடங்களைப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு விற்றுக் கொஞ்சமாவது தேற்றலாமா?

பதில்: விற்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள், சகோதரி. பழைய தையல் புத்தகத்தை மூர் மார்க்கெட்டில் போட்டால் உங்கள் கை காலியாகிறது. புத்தகம் ஒன்றாகவே இருக்கிறது. வீடியோவை அனுப்பினாலோ உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. அந்த இரண்டாவது பிரதி 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் போய் இடிக்கும். ஏமாந்தவரும் நீங்கள், குற்றவாளியும் நீங்கள் என்றாகிவிடும்.

இனி பணம். ஆரி ஸ்டாண்டை விற்ற கடைக்காரர் எட்டு மாதம் கழித்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாடங்களோ அவர்களுடைய சர்வரில் இருக்கின்றன; நீங்கள் வாங்கியது பார்க்கும் அனுமதி. 'பொருளே தரவில்லை' என்பது அந்த அளவில் உண்மை. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளோடு நிற்பதில்லை. சேவைக் குறைபாட்டையும் பிடிக்கும். மின்வணிகத்துக்கு அது தரும் விளக்கத்திலேயே டிஜிட்டல் பொருட்களும் அடக்கம். ஆகவே மனுவில் 'என் பொருளைப் பறித்தார்கள்' என்று எழுதாதீர்கள். 'வாழ்நாள் என்று விளம்பரம் செய்து எட்டு மாதத்தில் நிறுத்தினார்கள்' என்று எழுதுங்கள்.

'தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல' என்றும் வாதாடிப் பார்ப்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கியவர் நுகர்வோர்தான்.

விளம்பரத்தையும் பணம் கட்டிய ரசீதையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளை அந்த 'வாழ்நாள்' என்ற சொல்லும் மறைந்துவிடலாம். பிறகு அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்துவிடுங்கள்.

எட்டு மாதம் பார்த்திருக்கிறீர்கள். 4,500 ரூபாயும் முழுதாக வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்தே கேளுங்கள்.