மூன்றாம் வகுப்புக் கழித்தலும் காமன் கோர் சண்டையும்

தம்பி, நியூஜெர்சி வந்து நாலு மாதம் ஆகிறது, மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் 502-லிருந்து 278-ஐக் கடன் வாங்கிக் கழித்து 224 என்று சரியாகவே எழுதியும் எண்கோட்டில் காட்டவில்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள், தெரிந்த பெற்றோர் எல்லாரும் காமன் கோரைத் திட்டுகிறார்கள், ஆசிரியை அதுதான் நல்லது என்கிறார், அடுத்த வருடம் டல்லாஸுக்கு மாற்றல் வந்தால் அங்கேயும் இப்படித்தானா என்று கேட்டிருந்தீர்கள். இதே கோபத்தோடு நானும் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. காமன் கோர் பாடப்புத்தகம் இல்லை. ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்கிற பட்டியல், அதாவது தரநிலை, அதுவும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும். மாநில ஆளுநர்களின் சங்கமும் மாநிலக் கல்வித்துறைத் தலைவர்களின் மன்றமும் சேர்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. மத்திய அரசு எழுதியது இல்லை, ஆனால் அப்போது மாநிலங்கள் போட்டி போட்டுப் பெற்ற மானியத்தில் இப்படிப்பட்ட பொதுத் தரநிலையை ஏற்றால் கூடுதல் புள்ளி கொடுத்தார்கள், 'வாஷிங்டன் நம் பள்ளிக்குள் நுழைகிறது' என்ற கோபம் அங்கிருந்துதான் கிளம்பியது. நியூஜெர்சி 2016-இல் சில மாற்றங்கள் செய்து பெயரையும் மாற்றிவிட்டது, ஆனாலும் எல்லாரும் பழைய பெயரிலேயே திட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் மகளின் கழித்தல். மூன்றாம் வகுப்புத் தரநிலை கேட்பது இதுதான்: ஆயிரத்துக்குள் தடுமாறாமல் கூட்டவும் கழிக்கவும் வேண்டும், எந்த வழியில் செய்தாலும் அது இட மதிப்பைப் புரிந்துகொண்டு செய்ததாக இருக்க வேண்டும். எண்கோடு போட்டே ஆகவேண்டும் என்று அதில் இல்லை. அது புத்தகம் கேட்டது, அல்லது ஆசிரியை அந்த வாரம் அந்த முறையைச் சோதித்தார். அதற்காக அந்த முறையை மட்டமாக நினைக்காதீர்கள். 278-லிருந்து 280-க்கு 2, 300-க்கு 20, 500-க்கு 200, அப்புறம் 2, ஆக 224. மீதிச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறவர் மனதுக்குள் செய்கிற கணக்கு இது. நமக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் நடுவில் பூஜ்ஜியம் வந்தால், அதனிடம் கடன் கேட்டு, அதனிடமும் இல்லாமல் அடுத்த இலக்கத்திடம் போவோம். ஏன் போகிறோம் என்று யாராவது கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? என் மகன் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் என் கோபம் பாதி இறங்கியது. நம் முறையை அவர்கள் தூக்கி எறியவும் இல்லை, நாலாம் வகுப்பில் கூட்டல் கழித்தலை அந்த முறையிலேயே சரளமாகச் செய்யச் சொல்கிறார்கள். வாய்ப்பாடு ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஓரிலக்க எண்களின் பெருக்கல் முழுக்க மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று தரநிலையிலேயே இருக்கிறது.

பொதுத் தரநிலை வேண்டும் என்ற கட்சியில் நான் இருப்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு. 2009-இல் வேறு மாநிலத்திலிருந்து இங்கே மாறி வந்தோம், அப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியல். பெரியவள் பின்னத்தை இரண்டு வருடம் திரும்பத் திரும்பப் படித்தாள், நீள் வகுத்தலோ அங்கே அடுத்த வருடம், இங்கே போன வருடம் என்று நடுவிலேயே விழுந்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த ஒரு கோடை விடுமுறை முழுவதும் போனது. வேலைக்காக மாநிலம் மாநிலமாக மாறுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைப் பெற்றோர் பல பேர் காதில் வாங்குவதே இல்லை. நான் போன கூட்டமொன்றில் ஓர் ஆசிரியை, தரநிலையோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் புத்தகமும் பயிற்சியும் வந்து சேர்வதற்குள் புதுத் தேர்வை வைத்து, அந்த மதிப்பெண்ணை என் வேலை மதிப்பீட்டிலும் சேர்த்தால் நான் எப்படி நிதானமாகப் பாடம் நடத்துவேன் என்று கேட்டார். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்து நியூயார்க்கில் 2015-இல் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை மாநிலத் தேர்வையே எழுதவில்லை, பெற்றோர்தான் மறுத்தார்கள்.

டல்லாஸ் விஷயம்: அது இருக்கிற டெக்சஸ் மாநிலம் காமன் கோரை ஏற்கவே இல்லை, 2013-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள், அங்கே 'டீக்ஸ்' என்று அவர்களுடைய சொந்தத் தரநிலை, 'ஸ்டார்' என்று சொந்தத் தேர்வு. ஆனால் அங்கேயும் எண்கோடு, இட மதிப்பு எல்லாம் உண்டு, தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மாற்றல் உறுதியானதும் இரண்டு மாநிலத்தின் நாலாம் வகுப்புக் கணக்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் இணையத்தில் இலவசம், ஒரு மாலை நேரம் போதும்.

அதற்கு முன்னால் ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். காமன் கோர் சரியா தப்பா என்று ஆரம்பிக்காதீர்கள், அதை மாற்ற அவரால் முடியாது. இந்தக் கேள்வியில் எண்கோடு கட்டாயம் என்று யார் முடிவு செய்தது, தரநிலையா, புத்தகமா, நீங்களா என்று அமைதியாகக் கேளுங்கள். புத்தகம் என்றால் உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்துகிற பள்ளி மாவட்டத்தின் கல்வி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். விசாவில் இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம், பிள்ளை படிக்கிற பள்ளியைப் பற்றிப் பேச அதெல்லாம் தடையே இல்லை. நான் முதல் தடவை பேசியபோது குரல் நடுங்கியது, ஆனால் கேட்டார்கள்.