பழி ஆந்தை மேலே!

கேள்வி: அமெரிக்காவில் ஓரிகன் பக்கம் மர மில்கள் மூடிப்போன ஊர்களில் மலிவு விலை வீடே கிடைப்பதில்லை என்கிறான் அங்கிருக்கும் என் அண்ணன் மகன். ஆந்தையைக் காப்பாற்ற மரவெட்டைத் தடுத்ததுதான் காரணமாமே? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் அந்த 'மலிவு'. மலிதல் என்றால் நிறைந்து கிடப்பது. நிறையக் கிடந்தால் விலை இறங்கும், அதனால்தான் அது மலிவு. வீடே இல்லாத ஊரில் எங்கிருந்து மலிவது? 'கட்டுப்படியாகும் வீடு' என்று போடுங்கள் என எங்கள் மெய்ப்புத் திருத்துநரோடு இருபது வருஷமாகச் சண்டை. "தலைப்பில் இடம் பத்தாது சார்" என்பார். நீங்களும் அவர் கட்சி.

சரி, ஆந்தை. நம் ஊரில் அது அலறினால் கேடு, அங்கே அது பட்டியலில் ஏறியதே கேடு என்கிறார்கள். 1990-இல் புள்ளி ஆந்தையை ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள், அரசுக் காடுகளில் வெட்டு சரிந்தது, மில்கள் மூடின, மறுக்கவில்லை. ஆனால் அதே ஓரிகனில் வால்செட்ஸ் என்று ஓர் ஊர் இருந்தது. மில், கடை, வீடு எல்லாமே கம்பெனிச் சொத்து. 1984-இல் மில்லை மூடினார்கள், வீடுகளை இடித்துத் தள்ளினார்கள், ஊர் இருந்த இடத்தில் மரக்கன்று நட்டார்கள். ஆந்தை அப்போது மத்திய அரசின் பட்டியலில் ஏறவே இல்லை, பாவம், பொந்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

இன்றைய சிக்கல் வேறு. மில் மூடியதால் ஆணி, சிமெண்ட், ஆசாரிக் கூலி எதுவும் இறங்கிவிடாது. ஆனால் கட்டி முடித்த வீட்டை மதிப்பிட வருகிறவர், அந்த ஊர் விலையைப் பார்த்து, செலவழித்ததைவிடக் குறைத்து எழுதிவிட்டுப் போவார். பேங்க் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கடன் தரும். அப்புறம் எவன் கட்டுவான்? இருக்கிற பழைய வீடுகளில் நல்லதாக நாலைந்தை நகரத்துக்காரர்கள் லீவுக்கு வந்து தங்க வாங்கிப் போடுகிறார்கள். இல்லாதவர்களுக்கு டிரெய்லர் வீடு, அதாவது எங்கோ செய்து இழுத்துவந்து நிறுத்துகிற வீடு: வீடு தன்னுடையது, அடியிலிருக்கும் மண்ணுக்கு மாதாமாதம் வாடகை. அப்படிக் குடியிருந்தவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1984-லேயே கூட்டுறவாகச் சேர்ந்து மண்ணையே வாங்கிவிட்டார்கள். ஓரிகனிலும் சில இடங்களில் இது நடந்திருக்கிறது. அண்ணன் மகனிடம் ஆந்தையை விட்டுவிட்டு, மனை யார் பேரில் என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது மாடியில் என் வீட்டுக்காரர் நடக்கிற சத்தம் கேட்கிறது. தை பிறந்தால் வாடகையை ஏற்றுவார். இத்தனைக்கும் எங்கள் தெருவில் ஓர் ஆந்தைகூடக் கிடையாது.