கேளுங்கள், சொல்கிறேன்: ஓய்வுபெற்ற துணை தாசில்தாரின் பதில்கள்

கேள்வி: பட்டாவை செல்போனிலேயே பார்க்கிறோமே, இன்னும் ஜமாபந்தி எதற்கு?
(வாசகி, செய்யாறு)

பதில்: ஜமாபந்தி என்றால் மனு கொடுக்கும் நாள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அசல் வேலை கிராமக் கணக்குத் தணிக்கை. வருவாய்த் துறையின் ஆண்டான பசலி, ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434. ஒவ்வொரு பசலியும் முடிவதற்குள், பெரும்பாலும் மே, ஜூனில், கலெக்டரோ ஆர்.டி.ஓ.வோ தாலுகா ஆபீசில் உட்கார்ந்து, பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) வாரியாகக் கணக்கைப் புரட்டுவார். நில அளவைச் சங்கிலியைக்கூட இழுத்து நீளம் பார்ப்பதுண்டு.

1980-ல் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) என்ற பரம்பரைப் பதவிகளை ஒழித்தார்கள் அல்லவா? அதன்பிறகு பரீட்சை எழுதி வி.ஏ.ஓ. ஆனவன் நான். முதல் ஜமாபந்திக்கு, வயல் பக்கமே போகாமல், போன வருஷ அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேட்டை, பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு சர்வே எண்ணில் விரலை வைத்தார். "ஏம்ப்பா, கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. கரும்புக்கு யார் தண்ணி ஊத்துறது, நீயா?" என் உதவியாளரான தலையாரி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். இந்தக் கேள்வியை உங்கள் செல்போன் கேட்குமா?

அப்புறம், மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பெயர் மாற்றம் என்றால் மூலப்பத்திர நகலும் கையில் இருக்கட்டும்.