பேக்கனின் ஏழாவது கட்டுரை

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் விடுதியில் தங்கியிருக்கிறான். கட்டணம் முழுவதையும் நானே கட்டிவிடுகிறேன். கைச்செலவுக்கு மாதம் 500 ரூபாய், அதுவும் போன மாதக் கணக்கைக் காட்டிய பிறகுதான். மீதியெல்லாம் அவன் பெயரில் வங்கி வைப்பாக வளர்கிறது. தினமும் காலையில் ஆங்கில மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கனின் பொன்மொழி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். செருப்பு அறுந்தபோது விடுதிச் சமையல்காரரிடம் 200 ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறான். அவன் எதிரிலேயே அதைத் திருப்பிக் கொடுத்து, இனி இவனுக்குக் காசு தராதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நான் அனுப்புவதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பேக்கனின் எந்த நூலைக் கொடுத்தால் அவனுக்குப் புத்தி வரும்?

பதில்: அந்த 200 ரூபாயிலிருந்து தொடங்குகிறேன். அறுந்த செருப்போடு நின்ற பிள்ளைக்கு, பெற்ற தகப்பனிடம் கேட்பதைவிட, அடுப்படியில் வெந்து மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரிடம் கைநீட்டுவது எளிதாக இருந்திருக்கிறது. ஏன் என்று நீங்கள் அவனிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கடனை அடைத்ததை மட்டும் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் பேக்கனைத் துணுக்குகளாகவே படித்திருக்கிறீர்கள். 1625-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் 58 கட்டுரைகள் உள்ளன; அவற்றில் ஏழாவது, பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றியது. பிள்ளைகளின் செலவுக்குப் பணம் தருவதில் பெற்றோர் கையை இறுக்குவது கேடு விளைவிக்கும் தவறு என்று அதில் எழுதுகிறார்: அது பிள்ளைகளைச் சிறுமைப்படுத்தும், தில்லுமுல்லுகளைப் பழக்கும், கீழான சகவாசத்தில் சேர்க்கும், பின்னாளில் வசதி வரும்போது அளவு மீறித் துய்க்க வைக்கும். பிள்ளைகளிடம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள், ஆனால் பணப்பையை இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்பதே அவர் கண்ட முடிவு. கீழான சகவாசம் என்றாரே, அதில் உங்கள் சமையல்காரரை நான் சேர்க்கமாட்டேன். உங்கள் பிள்ளைக்கு அன்று தகப்பன் ஸ்தானத்தில் நின்றவர் அவர்தான்.

இதை எழுதியவர் பட்டறிந்து எழுதினார். அவருடைய தந்தை சர் நிக்கோலஸ் பேக்கன், முதலாம் எலிசபெத் அரசியின் முத்திரைக் காவலராக, அதாவது அரச முத்திரையைப் பொறுப்பில் வைத்திருக்கும் உயர் பதவியில், இருந்த பெரிய மனிதர். கடைசி மகனுக்கு நிலம் வாங்கித் தருவதற்கென்று தனியாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். வாங்குவதற்குள் 1579-இல் இறந்துபோனார். பிரான்சில் இருந்த பிரான்சிசுக்கு அப்போது பதினெட்டு வயது. எண்ணியதில் ஒரு சிறு பங்கே கைக்கு வந்தது. அதன் பிறகு அவர் கடனோடுதான் வாழ்ந்தார். 1598-இல் பொற்கொல்லர் ஒருவருக்குத் தர வேண்டிய கடனுக்காகக் கைதும் ஆனார். நாட்டின் தலைமை நீதிப் பதவிவரை உயர்ந்தபின், 1621-இல் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அந்தப் பதவியையும் இழந்தார். அந்த வீழ்ச்சிக்கு அவரே பொறுப்பு, தகப்பன்மீது அதைச் சுமத்துவது நியாயமாகாது; ஆனால் நாளைக்கென்று சேர்த்து வைத்த பணம் இன்றைய பிள்ளைக்கு உதவாமல் போகும் என்பதற்கு அவருடைய இளமையே போதும். பணம் எருவைப் போன்றது, பரப்பினால்தான் பயன் என்று அவர் வேறொரு கட்டுரையில் நாட்டு நிர்வாகத்தைப் பற்றிச் சொன்னதை, நான் வீட்டுக்கும் பொருத்திக்கொள்கிறேன்.

பிள்ளைக்குச் செய்வது கடமை என்று நம்புகிற தலைமுறையைச் சேர்ந்தவள் நான். கடமையைச் செய்துவிட்டு ரசீது கேட்கும் தகப்பனை என்னால் மதிக்க முடியவில்லை. சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், ஒரு பருவத்துக்கான பணத்தை மொத்தமாக அவன் கையில் கொடுத்து, அவன் தவறினாலும் பொறுத்துக்கொண்டு பாருங்கள். ஆண்பிள்ளையை வேலைக்காரர் எதிரில் தலைகுனிய வைத்துவிட்டு, அறிவுரையை அவன் விரலால் திறந்து படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அடாத செயல்.

நூல் எதுவும் வாங்க வேண்டாம், பொன்மொழிகளையும் நிறுத்திவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போங்கள். கணக்கு நோட்டைக் கேட்காதீர்கள். மகனை அருகில் நிறுத்திக்கொண்டு, அந்தச் சமையல்காரரிடம், என் பிள்ளை கேட்டபோது கொடுத்தீர்களே என்று நன்றி சொல்லுங்கள். பிறகு அவனை வெளியே அழைத்துப் போய் வயிறாரச் சாப்பிட வையுங்கள். அன்று ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அப்போது கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.